பாக்தாத்திலிருந்து பஸ்ராவுக்கு அரை நாள்

கிருபைராஜ் பொய் சொல்லுகிறான் என்பது, அவன் என் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பொய் சொல்லுகிற முகம் எனக்கு அத்துபடி. கேட்காத விஷயத்தை நீட்டி முழக்குவார்கள். கேட்ட விஷயம் வந்ததும் எச்சிலை விழுங்குவார்கள். கிருபைராஜ் இரண்டையும் செய்தான்.

அவன் சாத்தான்குளத்துத் தையல்காரன். ஜெர்மன் சண்டையின்போது பட்டாளத்தாரோடு மெசபடோமியாவுக்கு வேலைக்குப் போய், சண்டை முடிந்த மறுவருஷம் ஊர் திரும்பியிருந்தான். அதற்கு முன்னால் நான் அவனைப் பார்த்ததில்லை. தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "மதினி, நான் கிருபைராஜ். அண்ணன்கூட ஒரே கப்பல்ல போனவன். அண்ணன் பஸ்ராவுல என் கண்ணு முன்னாலதான் உயிர விட்டாவ" என்றான்.

நான் அவனை உள்ளே கூப்பிடவில்லை. "யாரு உயிர விட்டா?" என்று கேட்டேன்.

"ஞானசிகாமணி அண்ணன்."

"எந்த ஞானசிகாமணி?"

அவன் திகைத்துப்போனான். நான் வேண்டுமென்றேதான் கேட்டேன். எங்கள் கோயிலில் ஆராதனை முடிந்து வெளியே வருகிற கூட்டத்தில் ஞானசிகாமணி என்று கூப்பிட்டுப் பாருங்கள், நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். என் புருஷன் பஸ்ராவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் சாமான் கிடங்குக் குமாஸ்தா. அதற்கு முந்தின வருஷம் உலகமெல்லாம் விஷக்காய்ச்சல் வந்து மனிதர்கள் ஈசலாகச் செத்தார்களே, அப்போது பட்டாள ஆபீசிலிருந்து ஒரு காகிதம் வந்தது. ஞானசிகாமணி என்ற குமாஸ்தா காய்ச்சலில் இறந்தார் என்று இருந்தது. தகப்பன் பெயர் இல்லை, ஊர் இல்லை. அவருடைய பெட்டியும் வரவில்லை, படுக்கையும் வரவில்லை. அத்தனை பிணங்களுக்கு நடுவே எவனோ ஒரு துரை எந்த ஞானசிகாமணியை எழுதினானோ, யார் கண்டது? அது என் புருஷன் இல்லை என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். கலர்ச் சேலையைத்தான் உடுத்தினேன். பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஆகவே விஷயம் இதுதான். கிருபைராஜ் பொய்யன் என்று ஆகிவிட்டால் என் புருஷன் எங்கேயோ உயிரோடு இருக்கிறார். அவன் சொல்வது மெய்யென்றால் நான் விதவை. அவன் பொய்யனாக இருக்க வேண்டும் என்று நான் ஜெபம்கூடச் செய்தேன்.

"நீ அங்கன எந்த ஊருல இருந்த தம்பி?" என்று ஆரம்பித்தேன்.

"மொதல்ல பஸ்ராவுல, அண்ணன்கூட. பெறவு பாக்தாத்துக்கு மாத்திட்டாவ. ஆகாய விமானக் கொட்டகையில வேல. விமானத்துக்கு றெக்கை இருக்குல்லா, அது மரச்சட்டத்து மேல சீல போத்தித் தைக்கிறது. அதத் தைக்கிறதும் கிழிஞ்சா ஒட்டுப்போடுறதும் நாங்கதான். சீல நல்ல கெட்டி மதினி, தைச்ச பெறவு அதுக்கு மேல ஒரு பசை..."

"அது கெடக்கட்டும். அவிய பஸ்ராவுல, நீ பாக்தாத்துல. காய்ச்சல்னு ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தந்தி ஆபீசுல நம்ம ஊருப்பக்கத்து நாசரேத்துக்காரர் ஒருத்தர் இருந்தாரு. காலையில அவருதான் வந்து சொன்னாரு. அண்ணன் பிழைக்க மாட்டாவ, மொகத்தப் பாக்கணும்னா ஒடனே போன்னு."

"நீ எப்ப போய்ச் சேந்த?"

"அன்னைக்கே மதினி. பொழுது சாயுததுக்குள்ள."

எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் குபுக்கென்று வந்தது. பையன் கணக்கில் தப்புப் போட்டுவிட்டான். பாக்தாத் எங்கே, பஸ்ரா எங்கே.

"எதுல போன?"

"விமானத்துல."

நான் சிரித்துவிட்டேன். அன்றைக்குத் திருநெல்வேலிச் சீமையில் ஆகாய விமானத்தைக் கண்ணால் கண்டவர்கள் கிடையாது. பத்திரிகையில் படம் பார்த்திருக்கிறோம், அவ்வளவுதான். பட்டாளத்துத் துரைமார்கள் ஏறுகிற வண்டியில் சாத்தான்குளத்துத் தையல்காரன் ஏறினானாம்.

"ஒன்னய யாரு ஏத்துனா?"

"துரைதான். அவருக்கு என் மேல ரொம்பப் பிரியம் மதினி. கிருபை, இது நீ தைச்ச றெக்கை, எப்படிப் பறக்குன்னு நீயே வந்து பாருன்னு சொல்லி, மரியாதையா உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தாரு." இதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தலைப்பாகைத் துணியைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றான். தொண்டைக் குழி ஏறி இறங்கியது.

"சரி தம்பி, எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு" என்று கதவைச் சாத்திக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவன் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் நான் வீட்டில் இல்லை என்று உள்ளே இருந்துகொண்டே சொல்லி அனுப்பினேன்.

ஆனால் சந்தேகத்தைச் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் போதாது, அதற்குச் சாட்சி வேண்டும். மேலப்பாளையத்திலிருந்து சித்தி ஜனாபா என்று ஒரு அம்மாள் தறித்துணி கொண்டுவந்து டீச்சர்மார் வீடுகளில் விற்பாள். அவளுடைய மகன் சண்டைக் காலத்தில் மெசபடோமியாவில் ஆற்றுக் கப்பலில் கரி அள்ளிப் போடுகிற வேலை பார்த்தவன். அவள் மூட்டையை இறக்கி வைத்ததும், ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்டேன்.

"பாக்தாத்துக்கும் பஸ்ராவுக்கும் நடுவுல எம்புட்டு நாளு ஆவும்னு ஒங்க மவன் எப்பமாவது சொல்லியிருக்கானா?"

"அவன் வேல பாத்த கப்பலே அங்கனதானே டீச்சரம்மா ஓடுச்சு. தண்ணி போற பக்கமாப் போனா நாலு நா ஆவும், அஞ்சு நா ஆவும். ஏறி வரும்போது ஒரு வாரத்துக்கு மேலயும் ஆவும். கோடையில மண்ணுல தட்டி நின்னுட்டா அல்லாவுக்குத்தான் தெரியும்" என்றாள். பிறகு சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே, "அந்த ஆறு போற அழக எம் மவன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். காலையில ஒரு பள்ளிவாசலு வலக்கைப் பக்கம் தெரியுமாம். பகலெல்லாம் கப்பலு ஓடுமாம். சாயந்தரம் பாத்தா அதே பள்ளிவாசலு இடக்கைப் பக்கம் நிக்குமாம்" என்றாள்.

பள்ளிவாசல் எந்தப் பக்கம் நின்றால் எனக்கு என்ன? நாலு நாள், ஐந்து நாள் என்பதுதான் என் காதில் விழுந்தது. அன்றைக்கு வேண்டாத இரண்டு துண்டுகளைச் சித்தி ஜனாபாவிடம் வாங்கினேன்.

அந்த வாரமே என் புருஷனின் அண்ணன் ஞானையா சேரன்மகாதேவியிலிருந்து வந்தார். அங்கே பக்கத்துக் கிராமத்துச் சபையில் அவர் உபதேசியார். கிருபைராஜ் அவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அவர் வந்த முகத்திலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷாவருஷம் ஸ்தோத்திரப் பண்டிகை ஞாயிற்றுக்கிழமை, அந்த வருஷம் மரித்தவர்களின் பெயர்களைக் குருவானவர் வாசிப்பார். உள்ளூரில் அடக்கமானவர்களுக்குச் சிக்கல் இல்லை. கொழும்பிலோ ரங்கூனிலோ போய் மண்ணானவர்களாக இருந்தால், கண்ணால் கண்ட ஒருவர் குருவானவர் முன்னால் சாட்சி சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, வீட்டுக்காரர்கள் சரி என்று சொல்ல வேண்டும். அப்புறம்தான் பெயர். பெயர் வாசித்துவிட்டால் அத்தோடு முடிந்தது. மறு ஞாயிறு அவருடைய பெஞ்சாதி வெள்ளைச் சேலையில் கோயிலுக்கு வருவாள். பட்டாளக் காகிதம் வந்த வருஷம் நான் ஒத்துக்கொள்ளாததால் அவர் பெயரை வாசிக்கவில்லை. இப்போது சாட்சியே நடந்து வந்திருக்கிறது.

"இந்தப் பண்டிகையிலயாவது பேர வாசிக்கணும் யூனிஸ்" என்றார் ஞானையா. "சாட்சி சொல்ல ஆளு வந்தாச்சு."

"அத்தான், அவன் கயிறு திரிக்கான்."

"எதுக்குத் திரிக்கணும்? அவனுக்கு இதுல என்ன ஆதாயம்?"

"எல்லாருக்கும் ஆதாயம் வேணுமா? நாலு பேரு கூடி நின்னு வாயப் பாக்கணும்னே சில பேரு பொய் சொல்லுவாங்க. பஸ்ராவுல எவனாவது செத்ததக் கேள்விப்பட்டிருப்பான். இங்கன வந்து நான் பாத்தேன், நான் இருந்தேன்னு அளக்கான்."

ஞானையா ஏன் இவ்வளவு அவசரப்படுகிறார் என்று அவர் மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. தம்பியைச் செத்தவன் என்று சொல்ல ஒரு அண்ணனுக்கு எப்படி வாய் வருகிறது? அதையும் கேட்டேன்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார். "ராத்திரியெல்லாம் வாசல்ல சத்தம் கேக்கும்போது எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்க என்னால முடியல யூனிஸ்." அவர் கண் கலங்கியிருந்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அவரைப் போலத்தான் நானும் எழுந்து எழுந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் நானே சொன்னேன்: "வாற சனிக்கிழம பள்ளிக்கூடத்துக்கு அவனக் கூட்டிட்டு வாங்க. குருவானவரும் வரட்டும். அவன் வந்த வழிய நான் படத்துல அளந்து காட்டுதேன். அதுக்கப்புறமும் ஐயா அவன நம்புனாவன்னா வாசிக்கட்டும்."

எங்கள் பள்ளிக்கூடத்தில் இந்தியா தேசப்படம் ஒன்று, இங்கிலாந்து ஒன்று, அப்புறம் வேதாகம தேசங்களின் படம் ஒன்று, ஆக மூன்றுதான். மெசபடோமியா என்று பார்க்க வேண்டுமானால் வேதாகமப் படத்தில்தான் பார்க்க வேண்டும். அதில் பாபிலோன் இருக்கும், நினிவே இருக்கும், ஆபிரகாம் புறப்பட்ட ஊர் இருக்கும். பாக்தாத்தும் இல்லை, பஸ்ராவும் இல்லை. ஆனால் ஆறு இருக்கிறது. வெள்ளைக்காரன் டைக்ரிஸ் என்று சொல்லுகிற ஆறு வேதத்தில் இதெக்கேல். பாபிலோனுக்குக் கொஞ்சம் வடக்கே பாக்தாத் என்றும், ஆறு கடலை நெருங்குகிற இடத்தில் பஸ்ரா என்றும் நாங்கள் எல்லாரும் கேட்டு வைத்திருந்தோம். அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் வந்தார்கள். பள்ளிக்கூடம் காலியாக இருந்தது. குருவானவர் எங்கள் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் வயசானவர், பொறுமையானவர், யார் பேச்சையும் இடையில் வெட்ட மாட்டார். ஞானையா அவர் பக்கத்தில். கிருபைராஜ் மட்டும் உட்கார மாட்டேன் என்று சுவரோரமாக நின்றான். குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவனைப் போலவே இருந்தான். எனக்கு அது திருப்தியாக இருந்தது.

நான் ஒரு நீல நூலை எடுத்தேன். பாக்தாத் என்று குறித்த இடத்தில் ஒரு குண்டூசி. அங்கிருந்து இதெக்கேல் ஆற்றின் மேலேயே, அது வளைகிற இடத்தில் எல்லாம் வளைத்து, ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஊசி குத்தி, பஸ்ரா வரை நூலை ஓட்டினேன். படத்தின் மூலையில் மைல் கணக்குப் போட்டிருந்த கோட்டோடு ஒப்பிட்டுக் காட்டினேன்.

"பாருங்க ஐயா. இங்கன இருந்து மதராசுக்குப் போறதவிட அதிக தூரம் வருது. ரயில்ல போனாலே ராவும் பகலும் ஆவுற தூரம். கப்பல்ல நாலஞ்சு நாளுன்னு, அந்தக் கப்பல்லயே வேல பாத்தவனோட தாய் சொல்லுதா. இவரு காலையில சேதி கேட்டுப் பொழுது சாயுததுக்குள்ள போய் நின்னாராம்."

குருவானவர் படத்தைப் பார்த்தார். பிறகு கிருபைராஜைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்லுத?" என்றார்.

கிருபைராஜ் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்து படத்தைக் கூர்ந்து பார்த்தான். "இது ஆறா மதினி?" என்றான்.

"ஆமா."

"நாங்க இது மேல வரலியே. ஆறு கீழ அங்கிட்டும் இங்கிட்டுமாக் கெடந்துச்சு. ஒருக்கா வலப்பக்கம் தெரியும், ஒருக்கா இடப்பக்கம் தெரியும். நாங்க பாட்டுக்கு நேராப் போனோம்."

தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களுக்கு ஆற்றை விட்டு வழி தெரியாது. மேற்கே போகிறவனை ஆற்றுக்கு மேலே போகிறான் என்போம். கிழக்கே போகிறவன் ஆற்றோடு போகிறான். இரண்டு ஆற்றங்கரை ஊர்களுக்கு நடுவில் ஆற்றை விட்டால் வேறு வழி இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அத்தனை ஊசிகளைக் குத்தி அளந்தபோதும் தோன்றவில்லை.

பள்ளிக்கூடத்துக் கணக்கில் நான் யாருக்கும் சலுகை காட்டுகிறவள் இல்லை. நடுவில் இருந்த ஊசிகளைப் பிடுங்கினேன். நூலை நேராக இழுத்துப் பிடித்தேன். ஏறக்குறைய பாதி நூல் மிச்சமாகிக் கீழே தொங்கியது.

"பாதியானாலும் தூரம் தூரந்தானே ஐயா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"இந்த வருஷம் ரெண்டு பேரு அட்லாண்டிக் சமுத்திரத்தையே விமானத்துல தாண்டிட்டாவன்னு பத்திரிகையில பாத்தேன்மா" என்றார் குருவானவர் மெதுவாக. "ராத்திரி கடந்து காலையில கரை சேந்துட்டாவளாம். அதப் பாத்தா இது நடக்காத காரியம் இல்ல."

"மெயில் ரயிலவிட ரெண்டு பங்கு வேகம் ஐயா" என்றான் கிருபைராஜ். "நடுவுல ஒரு எடத்துல எறங்கி எண்ணெ ஊத்துனாவ. அதையும் சேத்துத்தான் பொழுது சாயுததுக்குள்ள."

தூரம் கைவிட்டது. நேரமும் கைவிட்டது. ஆனால் அவன் பொய் சொன்னான் என்பதில் மட்டும் எனக்கு எள்ளளவும் சந்தேகம் வரவில்லை. அன்றைக்கு வாசலில் அவன் தொண்டைக் குழி ஏறி இறங்கியதை நான் பார்த்திருக்கிறேன். பொய் எங்கேயோ இருக்கிறது. அதைப் பிடித்துவிட்டால் போதும்.

"விமானம் போவும். ஒத்துக்கிடுதேன்" என்றேன். "ஆனா ஒன்னய ஏன் ஏத்தணும்? பட்டாளத்துல எத்தன துரைமாரு, எத்தன சிப்பாயி. தையக்காரன ஏத்திக்கிட்டு அம்புட்டுத் தூரம் பறக்க அந்தத் துரைக்கு என்ன தலையெழுத்து?"

"பிரியம் மதினி, அன்னைக்கே சொன்னேன்லா..."

"துரை பேரு என்ன?"

அவன் விழித்தான்.

"அம்புட்டுப் பிரியமான துரை. பேரு தெரியாதா?"

"புதுசா வந்த துரை..."

"புதுசா வந்தவருக்கு ஒன் மேல அதுக்குள்ள பிரியம் வந்துட்டு. அப்படித்தானே? நீ தைச்ச றெக்கைய நீயே வந்து பாருன்னு சொன்னாரு. எந்தப் பாஷையில சொன்னாரு?"

ஞானையா, "யூனிஸ், போதும்" என்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் செத்தேன் என்று இருந்தது. "சொல்லு தம்பி. பொய்தானே? துரை ஒன்னயக் கூட்டிட்டுப் போனது பொய்தானே?"

"பொய்தான் மதினி" என்றான்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவர் இருக்கிறார். எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரியிலோ ஒரு முகாமிலோ இருக்கிறார்.

"துரை கூப்பிடல" என்றான் கிருபைராஜ். தலை குனிந்திருந்தது. "நாந்தான் அவரு கால்ல விழுந்தேன். அன்னைக்கு ஒரு விமானத்த ரிப்பேருக்குப் பஸ்ராவுக்குக் கொண்டுபோறதா இருந்தாவ. அதுல முன்னால ஓட்டுறவரு இருப்பாரு, பின்னால இன்னொரு துரை இருப்பாரு. பின்னால ஆளு இல்லாமப் போனா பாரம் சரியா நிக்காது, முன்பக்கம் குத்திக்கிடும். அதுக்காக அந்த எடத்துல மணல் மூட்டைய வச்சுக் கட்டிருவாவ. அன்னைக்கும் மூட்டைய ஏத்தி வச்சிருந்தாவ. நான் போயி அழுதேன். அந்த மூட்டைய எறக்கிட்டு என்னய வைங்க துரைன்னு சைகையில காட்டுனேன்."

குருவானவர் கையைத் தாடையிலிருந்து எடுத்தார்.

"எல்லாரும் சிரிச்சாவ. அந்தத் துரையும் சிரிச்சாரு. அரிசி நிறுக்கிற தராசுல என்னய ஏத்தி நிறுத்தாவ. எடை பத்தல. நான் ஒல்லியா இருந்தேம்லா. அதனால ஒரு சின்ன மணல் மூட்டைய என் மடியில வச்சாவ. மூட்டையக் கட்டுத கயித்தாலயே என்னயும் சேத்துக் கட்டுனாவ. அசையக்கூடாது, மூட்டை எப்படி இருக்குமோ அப்படி இருக்கணும்னு அங்க இருந்த ஒரு பஞ்சாபி சொன்னான். அப்படியேதான் வந்தேன். குளிருல கை வெறச்சுப் போச்சு. ரெண்டு தடவ வாந்தி எடுத்தேன். தொடைக்கக்கூடக் கைய எடுக்க முடியல. எறங்குன பெறவு கயித்த அவுத்து விட்டுட்டு அவிய பாட்டுக்குப் போயிட்டாவ."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இத ஊருல எப்படி மதினி சொல்ல? மூட்டைக்குப் பதிலா வந்தேன்னு எப்படிச் சொல்ல? சாத்தான்குளத்துல எல்லார்கிட்டயும் துரை மரியாதையாக் கூட்டிட்டு வந்தாருன்னுதான் சொல்லி வச்சிருக்கேன். என் பெஞ்சாதிகிட்டகூட அப்படித்தான் சொன்னேன்."

இத்தனை வருஷத்தில் எத்தனை பொய்களைப் பிடித்திருக்கிறேன்? பொய் சொல்லுகிறவர்கள் தங்களை ஒரு படியாவது உயர்த்தித்தான் சொல்லுவார்கள். துரை பிரியமாக உட்கார வைத்தார் என்பது அந்த ஜாதிப் பொய். அதை நான் சரியாகத்தான் கண்டுபிடித்தேன். ஆனால் தன்னை அரிசித் தராசில் ஏற்றி மணல் மூட்டைக்கு ஈடாக எடைபோட்ட கதையை எந்த மனுஷனும் இட்டுக் கட்ட மாட்டான். எனக்குப் பயம் வந்தது. நான் தோண்டித் தோண்டி வெளியே எடுத்தது மெய்.

பெஞ்சின் முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் முதல் நாள் வந்ததிலிருந்து எவ்வளவோ கேட்டிருக்கிறேன். எந்த ஊர், எப்போது, எதில், யார் என்று எல்லாம் கேட்டேன். ஒன்றை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று கேட்கவில்லை.

"நீ போகும்போது அவியளுக்கு நெனவு இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சு மதினி. கட்டில் பக்கத்துல போய் நின்னேன். கண்ணத் தொறந்து பாத்தாவ."

"பேசினாவளா?"

அவன் தயங்கினான். ஞானையாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். உங்கள் பெயரைச் சொன்னார், உங்களைக் கேட்டார் என்று இப்போது ஆறுதலாக எதையாவது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன். அப்படிச் சொன்னால் அதையும் நம்பக்கூடாது என்று அந்த நேரத்திலும் என் மனசு தயாராக நின்றது.

"கோவிச்சுக்கிட்டாவ மதினி" என்றான். "ஏம்லே இம்புட்டு நேரம்னு கேட்டாவ. அம்புட்டுத்தான். அதுக்குப் பெறவு பேசல. வெளக்கு ஏத்துறதுக்கு முன்னால அடங்கிருச்சு."

எங்கள் கல்யாணத்தன்று நான் வந்த வில்வண்டியின் அச்சு கொக்கிரகுளத்துப் பாலத்தில் முறிந்துபோய், கோயிலுக்குத் தாமதமாக வந்து சேர்ந்தேன். சபை முழுக்க எழுந்து நிற்கிறது. குருவானவர் புஸ்தகத்தைத் திறக்கிறார். பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், உதட்டை அசைக்காமல் சொன்ன முதல் வார்த்தை, "ஏன் இம்புட்டு நேரம்?" என்பதுதான். காப்பி கொண்டுபோனாலும் அதுதான். குடையை எடுத்துக்கொண்டு ஓடினாலும் அதுதான். பஸ்ராவுக்குக் கப்பல் ஏறப் போகிற அன்றைக்குத் தூத்துக்குடி ரயிலுக்கு நான் சோறு கட்டிக் கொடுத்தபோதும் அதுதான். கோபமே கிடையாது, அவருடைய பேச்சே அப்படி. நாலு ஞானசிகாமணிகள் திரும்பிப் பார்க்கட்டும், இப்படிக் கேட்கிறவர் ஒருவர்தான்.

நான் அழுதேன். குருவானவர் இருக்கிறார், மைத்துனர் இருக்கிறார், அந்நிய ஆண்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்றெல்லாம் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் தலையை வைத்து, காகிதம் வந்த நாளிலிருந்து அழாத அழுகையை எல்லாம் அழுதேன். ஞானையாவும் அழுதார். ஒருவரும் என்னைத் தேற்ற வரவில்லை. அதற்காக இன்றைக்கும் அவர்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

வெகுநேரம் கழித்து எழுந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "பேர வாசிச்சிருங்க ஐயா" என்றேன். குருவானவர் தலையை அசைத்தார்.

கிருபைராஜ் இன்னும் சுவரோரமாகவே நின்றுகொண்டிருந்தான். அவன் எதற்காகத் திரும்பத் திரும்ப என் வாசலுக்கு வந்தான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"விமானத்தவிட வேகமா வாறதுக்கு ஒண்ணும் இல்ல மதினி" என்றான். "இருந்தா அதுல வந்திருப்பேன். அண்ணன் அப்படிக் கேட்டுட்டாவளேன்னுதான்..."

"நீ சீக்கிரமாத்தான் போயிருக்க தம்பி" என்றேன். "எங்க எல்லாரையும்விட நீதான் அவியகிட்டச் சீக்கிரமாப் போயிருக்க."

அவன் தலைப்பாகைத் துணியை முகத்தில் அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.